ரிப்போர்ட் அக்கா கொடுத்த கடன்

அந்தத் தெருவில் அவர்கள் வீட்டுக்கு ஊசி வீடு என்று பேர். யார் வைத்ததோ தெரியாது, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். அவன் தையல் மெஷின் மெக்கானிக். ஒரு துணிக் கம்பெனியில் வரிசையாக நிற்கிற நூற்றிருபது மெஷினும் அவன் கைக்குத்தான் அடங்கும். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். அவன் உடைந்த ஊசியைக் கழற்றுவான், அவள் புது ஊசியைக் குத்துவாள், நடுவில் மாட்டினால் உடம்பு சல்லடைதான் என்று எதிர்வீட்டுக் கடைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

தெருவில் இன்னொரு பேச்சும் உண்டு. பணத்துக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் முட்டிக்கொள்ளாத வீடு அது ஒன்றுதான் என்பார்கள். கடைக்காரர் வீட்டில் மாசம் பிறந்தால் பாத்திரம் பறக்கும். ஊசி வீட்டில் ஒரு டம்ளர்கூட நெளிந்தது கிடையாது. உண்மைதான். ஆனால் சண்டை இல்லாத வீடெல்லாம் சுத்தமான வீடு என்று நினைத்துவிடாதீர்கள்.

கல்யாணமான புதிதில் அவன் போட்ட திட்டம் அது. மொத்தம் மூன்று கணக்கு. அவன் சம்பளம் விழ ஒன்று, அவள் சம்பளம் விழ ஒன்று, நடுவில் இரண்டு பேர் பேரிலும் ஒரு வீட்டுக் கணக்கு. சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஆளுக்கு ஆள் வீட்டுக் கணக்கில் போட்டுவிட வேண்டும். வாடகை, மளிகை, மகள் படிப்பு, ஆஸ்பத்திரி எல்லாம் அதிலிருந்துதான். மிச்சமிருக்கிற ஒரு பங்கு அவரவர் இஷ்டம். என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று மற்றவர் கேட்கக்கூடாது. ஆனால் காட்டவேண்டும். மாசத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் டீயைக் குடித்துவிட்டு இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து போனைத் திறந்து காட்டிக்கொள்வார்கள்.

அவன் காட்டுகிற அழகே தனி. போனை அப்படியே அவள் கையில் கொடுத்துவிடுவான். இது வெளியே பார்த்த வேலைக்கு வந்தது, இது கட்டிங் மாஸ்டருக்குக் கொடுத்த கைமாற்று, அது திரும்பாது என்று தெரிந்துதான் கொடுத்தேன், டீக்கடையில் இன்னும் பாக்கி இருக்கிறது என்று கேட்காததையெல்லாம் ஒப்பிப்பான். அவளும் தன் போனைக் காட்டுவாள். சம்பளம் வந்தது, வீட்டுக் கணக்குக்குப் போனது, ஒரு புடவை, ஒரு செருப்பு. அவள் காட்டியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. காட்டாமல் விட்டதுதான் இருந்தது.

அவளுக்கு நாலாவதாக ஒரு கணக்கு இருந்தது.

மகள் மூணாங்கிளாஸ் படிக்கிறபோது ஆரம்பித்தது. நடக்க முடியாத வயசாளிகள் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வந்தால், வீட்டுக்கு இவ்வளவு என்று நிலையத்தில் தனியாகக் கையில் கொடுப்பார்கள். முதல் மாசம் அந்தப் பணம் வந்ததும் அவனிடம் சொல்லத்தான் இருந்தாள். அந்த வாரம் ஏனோ அவளுடைய அம்மா ஞாபகம் வந்து தொலைத்தது. பஸ்ஸுக்குச் சில்லறை வேண்டி அம்மா அறை வாசலில் நிற்பாள். அப்பா பேப்பரைப் படித்து முடிக்கிற வரைக்கும் நிற்பாள். முடித்தாலும் உடனே கொடுத்துவிடமாட்டார், எதுக்கு, எங்கே, நடந்து போனால் என்ன என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார். அந்த வாசலில் ஒருநாளும் நான் நிற்கமாட்டேன் என்று சின்ன வயசிலேயே மனசுக்குள் சத்தியம் செய்திருந்தாள். அதனால் வேறொரு பேங்கில், வேறொரு தெருவில், தன் பேரில் மட்டும் ஒரு கணக்கைத் தொடங்கிவிட்டாள். பாஸ்புக் நிலையத்து லாக்கரில், கையுறைப் பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது.

அவள் புருஷன் அவள் அப்பா மாதிரி ஆள் இல்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் மாசாமாசம் போட்டுக்கொண்டே போனாள். அப்பனுக்குப் பயந்து புருஷனிடம் ஒளித்தவளை என்னவென்று சொல்வது? பத்து வருஷத்தில் அந்தக் கணக்கு, அவன் ஒரு வருஷம் முழுக்க ஓடியாடி வாங்குகிற சம்பளம் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

போன வருஷம் மகளைக் காலேஜில் சேர்க்கப் பணம் போதவில்லை. வீட்டுக் கணக்கைச் சுரண்டிப் பார்த்தார்கள். அவன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு மோட்டார் சைக்கிளை விற்றுவிடலாம் என்றான். பஸ்தான் இருக்கே, தொப்பையும் குறையும் என்று சிரித்தான். அவனுக்குத் தொப்பையே கிடையாது. அன்றைக்கு அவள் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் ஒன்பது வருஷத்துக்கும் பதில் சொல்ல வேண்டுமே என்று மென்று முழுங்கிவிட்டாள். வாங்க வந்தவன் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனபோது, அவள் அடுப்படியில் நின்று ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம்தான் விரல் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளிவேலைக்குப் போன இடத்தில், மெஷினில் இறுகிப்போன பெல்ட்டை அறுக்கும்போது பிடி வழுக்கி, பிடித்திருந்த வலதுகையின் ஆள்காட்டி விரலிலேயே கத்தி இறங்கிவிட்டது. தையல் போட்டும் விரல் மடங்கவில்லை. டாக்டர் விரலைத் தூக்கிப் பார்த்தார், விட்டார், மறுபடி தூக்கினார். விரலை மடக்குகிற நரம்பு அறுந்திருக்கிறது, பத்து நாளுக்குள் ஆபரேஷன் செய்தால் ஓரளவுக்குத் திரும்பும், விட்டால் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டே இருக்கும் என்றார். செலவையும் சொன்னார். அவனுடைய ஐந்து மாசச் சம்பளம். இலவச ஆஸ்பத்திரியில் விசாரித்தால் இரண்டு மாசத்துக்கு வரிசை நின்றது. கம்பெனியோ, ஞாயிற்றுக்கிழமை வெளியில் பட்ட காயத்துக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்று கையை விரித்துவிட்டது.

டாக்டர் அறையில் அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் டாக்டருடைய மேஜையைப் பார்த்தாள். வீட்டுக் கணக்கில் எவ்வளவு இருக்கிறதென்று இரண்டு பேருக்கும் தெரியும். கட்டுப் போட்டு அப்படியே விட்டுவிடலாம் சார், இன்னும் ஒன்பது விரல் இருக்கே என்று அவனே சொல்லிவிட்டு எழுந்தான். பஸ்ஸில் வரும்போது அவளுக்குத்தான் ஆறுதல் சொன்னான்.

இன்னொருத்தனுக்கு ஒரு விரல் போனால் ஒரு விரல்தான். இவனுக்கு அப்படி இல்லை. அந்த விரலால்தான் ஊசி நிற்கிற நேரைத் தடவிப் பார்ப்பான், அதில்தான் அடியில் இருக்கிற சின்ன ஸ்க்ரூவைப் பிடித்து உட்கார வைப்பான். மெக்கானிக் வேலை போனால் பண்டல் தூக்குகிற வேலைதான், பாதிச் சம்பளம். இதெல்லாம் அவளுக்குத் தெரியாதா? தெரியும். மூன்று நாள் தெரிந்துகொண்டே சோறு ஆக்கினாள், தெரிந்துகொண்டே அடுத்தவர் கையில் ஊசி குத்திவிட்டு வந்தாள்.

நாலாம் நாள் மத்தியானம் வேலை முடிந்து வந்தபோது அவன் மேஜையில் ஒரு பழைய மெஷின் தலையை வைத்துக்கொண்டு இடதுகையால் பழகிக்கொண்டிருந்தான். ஸ்க்ரூ டிரைவர் நிற்கவில்லை. ஸ்க்ரூ துள்ளிக் கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. அவன் குப்புறப் படுத்து, கட்டுப் போட்ட கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் தரையைத் துழாவினான். அவள் வந்தது தெரிந்ததும் அங்கிருந்தே, ஒண்ணுமில்ல, வந்துடும், நீ போய் முகம் கழுவு என்றான். மனுஷியா நீ என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள்.

மறுநாளே பேங்குக்குப் போய்ப் பணத்தை எடுத்தாள். இதுவரைக்கும் சரி. எடுத்த பணத்தை அவன் முன்னால் வைத்து, இது நான் ஒளித்து வைத்தது, என்னைத் திட்டு, முதலில் ஆபரேஷனுக்குக் கிளம்பு என்று சொல்லியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். பாவி மகள், அங்கேதான் மூளையைச் செலவு செய்தாள். பணம் எங்கேயிருந்து வந்தது என்று அவன் கேட்டதும், ரிப்போர்ட் அக்கா கொடுத்தாங்க என்றுவிட்டாள்.

ரிப்போர்ட் அக்கா என்பவர் நிலையத்தில் ரிசல்ட்டையெல்லாம் டைப் அடித்துக் கொடுக்கிறவர். ஐம்பது தாண்டியவர், தனிக்கட்டை, அளந்து பேசுகிறவர். அவன் அவரைப் பார்த்ததே கிடையாது, பேச்சில் கேட்டதோடு சரி. வட்டி வேண்டாம், முடிஞ்சப்போ கொடுங்கன்னு சொன்னாங்க என்று ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக் கொடுத்தாள்.

அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். கூடப் பிறந்தவர்களுக்குப் போன் செய்து, அவர்கள் ஆளாளுக்குத் தங்கள் கஷ்டத்தைச் சொல்லி வைத்துவிட்ட வாரம் அது. முகம் தெரியாத ஒரு பெண்மணி இவ்வளவு பணத்தைத் தூக்கிக் கொடுக்கிறதென்றால் என்று சொல்ல வந்தவன் முடிக்காமல் கட்டுப் போட்ட கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் கண் கலங்கி அவள் பார்த்தது, மகள் பிறந்த அன்றைக்கு அடுத்து அன்றைக்குத்தான்.

ஆபரேஷன் ஆனது. விரல் முழுக்க இல்லாவிட்டாலும் முக்கால்வாசி மடங்கியது. சந்தோஷம்தான். ஆனால் கட்டுப் பிரித்த வாரமே அவன் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பதினாறு மாசம், மாசம் பிறந்து ஐந்தாம் தேதி, இவ்வளவு. இது வீட்டுக் கணக்கிலிருந்து போகக்கூடாது, என் விரலுக்கு வாங்கினது, என் பங்கிலிருந்துதான் போகணும் என்றான்.

அவனுடைய பங்கு முழுக்க அதற்கே போயிற்று. டீயை நிறுத்தினான். கட்டிங் மாஸ்டர் கைமாற்று கேட்டபோது வாழ்க்கையில் முதல் தடவையாக இல்லை என்று சொன்னான். ஐந்தாம் தேதி காலையில் கடைக்காரரிடம் போய்க் கசங்கிய நோட்டுகளைக் கொடுத்துச் சலவை நோட்டாக மாற்றி வாங்கி வருவான். அந்தம்மா கையில் அழுக்கு நோட்டைக் கொடுக்கக்கூடாதாம். ஒரு கவரில் போட்டு அவளிடம் நீட்டி, நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லு என்பான்.

அவள் அதை வாங்கிக்கொண்டு போவாள். என்ன செய்வது அதை? வீட்டுக் கணக்கில் போட்டால் அவன் கண்ணில் படும். பையில் வைத்திருந்தால் நெருப்புத் துண்டு மாதிரி சுடும். பஸ்ஸை விட்டு இறங்கி அந்த வேறொரு தெருவுக்குப் போய், அந்த வேறொரு பேங்கில், தன் நாலாவது கணக்கிலேயே போட்டுவிட்டு வருவாள். புருஷன் டீ குடிக்காமல் மிச்சம் பிடித்த பணம். மூன்றாவது தடவை கவுண்டரில் இருந்த பெண், நல்லா சேமிக்கிறீங்க மேடம், எங்களுக்கெல்லாம் வரமாட்டேங்குது என்று வெள்ளந்தியாகச் சிரித்தாள். இவளுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலாம் போலிருந்தது.

அக்கா அவசரமே இல்லைங்கறாங்க, விட்டு விட்டுக் கொடுக்கலாமே என்று சொல்லிப் பார்த்தாள். அவசரமில்லைன்னு சொல்றது அவங்க பெருந்தன்மை, தேதி தவறாம கொடுக்கறது நம்ம ஒழுங்கு என்றான். பணம் போதவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை வெளிவேலைக்கும் மறுபடி போக ஆரம்பித்தான். விரலுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் இன்னும் மூன்று மாசம் திருகுகிற வேலையே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கம்பெனியில் திருகித் தர ஒரு உதவிப் பையன் இருந்தான், வெளிவேலையில் யார் இருக்கிறார்கள்? திங்கட்கிழமை காலையில் அந்த விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருக்கும். வெந்நீரில் முக்கி வைத்துக்கொண்டு, சரியாகிவிடும் என்பான். அவள் உப்பைக் கரைத்து ஊற்றுவாள். தன் காசுக்குத் தானே வட்டி வாங்குகிறவள் மாதிரி அந்தக் கையைப் பார்க்கமுடியாமல் திரும்பிக்கொள்வாள்.

நாலு தவணை போனது. அப்புறம் ஒருநாள் அவன் நிலையத்துக்கே வந்துவிட்டான்.

பன்னிரண்டு மணி இருக்கும். காலை நேரக் கூட்டம் கலைந்து, அவள் குழாய்களை வரிசைப்படுத்தி லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு பழப் பையுமாக அவன் நுழைந்தான். அரை நாள் லீவு போட்டிருக்கிறான். அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு, டைப் அடிக்கிற மேஜை எங்கே என்று தானே கண்டுபிடித்து நேராக அங்கே போய் நின்றான். அவள் கையில் இருந்த லேபிள் அவள் விரலிலேயே ஒட்டிக்கொண்டது.

அவன் தன்னை யாரென்று சொன்னான். பழப் பையை மேஜையில் வைத்தான். வலதுகை ஆள்காட்டி விரலை மடக்கிக் காட்டினான், சின்னப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் காட்டுகிற மாதிரி. பிறகு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

"இது நீங்க கொடுத்த விரல் அக்கா," என்றான். "வீட்டுல மெஷின் ஏதாவது இருந்தா சொல்லுங்க. என் ஆயுசு உள்ளவரைக்கும் நான் பார்த்துக்கொடுக்கறேன்."

ரிப்போர்ட் அக்கா கண்ணாடியைக் கழற்றினார். அவன் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தார். எத்தனை நொடி பார்த்தாரோ, அவளுக்கு அது ஒரு பகல் மாதிரி நீண்டது. அவள் கூனிக்குறுகி நின்றாள். அக்கா விவரமானவர். அவன் பக்கம் திரும்பி, அதெல்லாம் பெரிசில்ல தம்பி, கையைப் பார்த்துக்கோங்க, அதுதான் முக்கியம் என்று மட்டும் சொன்னார். அவன் நிறைந்த மனசோடு போனான். கதவைத் தாண்டியும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான்.

அக்கா எழுந்து வந்து பழப் பையை அவள் மேஜையில் வைத்தார். எவ்வளவு, எதற்கு, எங்கிருந்து என்று எதுவும் கேட்கவில்லை.

"உன் பொய்க்கு நான் கும்பிடு வாங்கிட்டேன்," என்றார். "என் வயசுக்கு அது தாங்காது. இன்னொரு தடவை வாங்க வைக்காதே."

அப்போதாவது அன்று சாயங்காலமே சொன்னாளா என்றால், இல்லை. பழத்தைப் பஸ் ஸ்டாப்பில் இருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய், அக்காவுக்கு ரொம்ப சந்தோஷம் என்று சொன்னாள். சொன்ன வாயை எங்கே கழுவுவதென்று தெரியவில்லை. இன்னொரு மாசம் ஓடியது, ஐந்தாவது கவரையும் வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தாள். விரல் இன்னும் வீங்கியது. பயிற்சிக்காரப் பெண் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே திருகிக்கொண்டிருந்தால் தைத்த நரம்பு மறுபடி போய்விடும், அப்புறம் யாராலும் ஒன்றும் செய்யமுடியாது, உங்க பேச்சைக் கேட்கமாட்டாரா என்று கேட்டாள். கேட்பார் என்று அவள் சொன்னாள். நான் பேசவேண்டுமே என்பதைச் சொல்லவில்லை.

அடுத்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாம் தேதியே வந்தது. டீ ஆயிற்று. அவன் வழக்கம்போலப் போனைத் திறந்து அவள் கையில் கொடுத்தான். அவள் வாங்கவில்லை. கைப்பையைத் திறந்து பாஸ்புக்கை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"கடனே இல்லைங்க," என்றாள். "யாரும் கொடுக்கல. அது என் காசு."

அவனுக்கு உடனே புரியவில்லை. பாஸ்புக்கை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினான். வீங்கிய விரலை ஒதுக்கிவைத்துக்கொண்டு இடதுகையால் புரட்டினான், அதனால் மெதுவாகத்தான் புரண்டது. போன வருஷத்துப் பக்கம் வந்ததும் கை நின்றது. மகளுக்குப் பணம் கட்டிய மாசம், வண்டி போன மாசம். அந்த வரியில் என்ன தொகை இருந்தது என்று அவளுக்கு மனப்பாடம். அவன் அடுத்த பக்கத்தைத் திருப்பினான். ஆபரேஷனுக்கு எடுத்த பெரிய தொகை இருந்தது. அதற்குக் கீழே மாசத்துக்கு ஒன்றாக ஐந்து வரி, ஐந்தும் ஒரே தொகை.

"இது?"

"நீங்க கொடுத்தது."

"நான் அந்தம்மாவைப் போய்க் கும்பிட்டேனே," என்றான். கோபமாக இல்லை. சட்டை கிழிந்திருப்பதை நடுத்தெருவில் கண்டுபிடித்தவன் குரலில் சொன்னான். "அவங்களுக்குத் தெரியுமா?"

"அன்னிக்குத்தான் தெரியும்."

"அப்போ எனக்கு மட்டும்தான் தெரியாது."

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா வாசலில் நின்றதை, முதல் மாசம் சொல்ல நினைத்ததை, வண்டி போன அன்று பாத்திரம் கழுவியதை, பேங்க் கவுண்டரில் அந்தப் பெண் சொன்னதை. பூசி மெழுகாமல் சொன்னாள். நான் உங்கப்பா மாதிரியா என்று அவன் கேட்டான். இல்லை என்றாள். அது தெரியறதுக்குப் பத்து வருஷம் ஆச்சா என்றான்.

"முதல் வருஷமே தெரியும்," என்றாள். "ஒவ்வொரு மாசமும் சொல்லிடலாம்னுதான் உட்காருவேன். போன மாசம் சொல்லாததுக்கு வெட்கமா இருக்கும். அதனால அந்த மாசமும் சொல்லமாட்டேன்."

அவன் தன் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். அன்று அவன் அவளிடம் எதையும் காட்டவில்லை.

இனி வீடு இரண்டாகும் என்றுதான் அவள் நினைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. அவன் கத்தவில்லை, சாப்பாட்டைத் தள்ளவில்லை. காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிற மகளோடு போனில் வழக்கம்போல வம்பளந்தான். வரும் வழியில் காய்கறி வாங்கி வந்தான். ஞாயிற்றுக்கிழமை வேலையை நிறுத்தினான், வீக்கமும் வடிய ஆரம்பித்தது. திங்கட்கிழமையே அவள் நாலாவது கணக்கில் இருந்ததையெல்லாம் துடைத்து வீட்டுக் கணக்குக்கு மாற்றினாள். சாயங்காலம் காட்டினாள். பார்த்தான், தலையாட்டினான். மறுநாள் பார்த்தால் அந்தப் பணம் மொத்தமும் அவள் பேருக்கே திரும்பி வந்திருந்தது. ஏங்க என்று கேட்டதற்கு, அது உன் காசு, நீ வீடு வீடா அலைஞ்சு சம்பாதிச்சது, அதை நான் தொட்டா நல்லா இருக்காது என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். திட்டியிருந்தால் தேவலை. அவளுக்குத் திட்டு வாங்கத் தெம்பு இருந்தது, இதற்குத்தான் இல்லை.

ஆனாலும் நாள் போகப் போகச் சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை. அவன்தான் மனசில் வைத்துக்கொள்ளாத ஆளாயிற்றே. மூன்றாம் தேதி கடைக்காரர் சொன்ன ஏதோ ஒரு ஜோக்குக்கு இரண்டு பேரும் சேர்ந்துகூடச் சிரித்தார்கள்.

ஐந்தாம் தேதி காலையில் அவள் வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவன் கடைப் பக்கம் போய்விட்டு வந்தான். அவளுக்கு எதிரே வந்து நின்று ஒரு கவரை நீட்டினான்.

அவளுக்குச் சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. "இது எதுக்குங்க?"

"இன்னும் பதினொரு மாசம் பாக்கி இருக்கே."

"கடனே இல்லைன்னு சொல்லிட்டேனே. நமக்குள்ள என்னங்க கடன்?" அவள் குரல் உடைந்துவிட்டது. "வேணும்னா என்னை அடிங்க. இதை மட்டும் செய்யாதீங்க."

அவன் கவரைப் பின்னுக்கு இழுக்கவில்லை. முகத்தில் கோபம் இருக்கிறதா என்று அவள் தேடிப் பார்த்தாள். இருந்தால் காலில் விழுந்தாவது கரைத்துவிடலாம். இல்லவே இல்லை. கடன் கொடுத்தவரைப் பார்க்க வந்தவன் மாதிரி மரியாதையாக நின்றான்.

"அந்த அக்காவுக்குன்னு நினைச்சுக் கொடுத்தப்போ ஒரு தேதி தவறல," என்றான். "உனக்குன்னு தெரிஞ்சதும் தவறினா நல்லா இருக்குமா?"

பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வாங்காமல் விட்டால் அவன் நின்றுகொண்டே இருப்பான் என்று தெரிந்தது. அவள் வாங்கினாள். கைப்பையில் போடப் போனாள்.

"எண்ணிக்கோ," என்றான்.

பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அந்த வார்த்தையை அவர்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொன்னதே இல்லை. அவள் கவரைப் பிரித்தாள். எல்லாம் சலவை நோட்டு. அவன் நகராமல் அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணில் நீர் முட்டி நோட்டு மங்கலாகத் தெரிந்ததால் இரண்டு தடவை எண்ண வேண்டியிருந்தது.

"சரியா இருக்குங்க," என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.